தோட்டத்துச் சாளைக்கு மேலே கேமரா ட்ரோன்: முன்கூட்டிச் சொல்ல வேண்டாமா?

கிளுவைவேலி (காங்கேயம் பக்கம்) எழுதியது:

எங்கள் பக்கத்தில் வீடுகள் தெருவோடு தெருவாக ஒட்டி நிற்பதில்லை என்பதும், பல குடும்பங்கள் தத்தம் பூமிக்கு நடுவிலேயே சாளை (தோட்டத்து வீடு) கட்டிக் குடியிருக்கின்றன என்பதும் இங்கே பலருக்குத் தெரியும். தார்ச்சாலையிலிருந்து இறங்கி, இட்டேறியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண்வழியில்) நடந்து, வேலிப்படலைத் திறந்து, நாய் குரைத்த பிறகுதான் ஒருவர் வாசலுக்கு வர முடியும். வருகிறவர் யார் என்று பார்த்துக்கொண்டு எழுந்து வெளியே வருவதற்கு வீட்டில் இருப்பவர்களுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கும். பழைய சாளைகளில் குளிக்கும் இடத்துக்கு நான்கு சுவர் மட்டும் எழுப்பி, மேலே கூரை போடாமல் விட்டதும் இந்த நம்பிக்கையில்தான்.

எங்களுக்கு அடுத்த பூமியை மனைகளாகப் பிரித்து விற்கும் ஒரு நிறுவனம், விளம்பரக் காணொளிக்காக அண்மையில் ட்ரோன் பறக்கவிட்டது. அந்தக் காணொளியில் எங்கள் வாசல், களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த என் அம்மா, கட்டுத்தறியில் நிற்கும் மாடுகள், பின்பக்கத்துக் குளியலறை, மோட்டார் அறைக்குப் போகும் வழி ஆகிய எல்லாமே இருக்கின்றன. நீக்கச் சொல்லிக் கேட்டபோது, தங்கள் இடத்துக்கு மேலே நிறுத்தித்தான் எடுத்ததாகச் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால், அடுத்தவர் தன் இடத்தின் மேல் நின்று என் வாசலைப் படம் பிடிப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி அச்சம் சார்ந்தது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்திலும், 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகேயும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் முதியோர் இரவில் கதவைத் திறக்கவே தயங்குகிறார்கள். அந்தக் கொலைகளுக்கும் ட்ரோனுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தப் பக்கம் வழி, நாய் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் சில நிமிடங்களில் காட்டிவிடும் கருவி தலைக்கு மேலே நிற்கும்போது, அதை அனுப்பியவர் யார் என்று தெரியாமல் இருப்பது அவர்களுக்குச் சிறிய விஷயம் அல்ல.

வான்படம் (ஈரோடு) எழுதியது:

நான் திருமணப் படப்பதிவுத் தொழிலில் இருக்கிறேன், ட்ரோனும் இயக்குகிறேன். அண்ணா எழுதியது நியாயமான வருத்தம். ஆனாலும் ட்ரோன் எவ்வளவு பார்க்கும் என்பதைப் பற்றிய கணக்கு முதலில் தெளிவாக இருந்தால் பேச்சு சரியான திசையில் போகும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சிறிய ட்ரோன்களில் அகலப் பார்வை லென்ஸ் இருக்கும். 100 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே எடுத்தால் ஏறக்குறைய 150 மீட்டர் அகலமான நிலம் ஒரே படத்தில் அடங்கும். 4,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் வரும். மனித முகத்தின் அகலம் அதில் நான்கு பிக்சல்தான். யாருடைய முகம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதே கருவியை 20 மீட்டருக்கு இறக்கினால் முகத்துக்கு இருபது பிக்சல் கிடைக்கும், தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள். தொலைநோக்கு லென்ஸ் உள்ள விலை உயர்ந்த ட்ரோன்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சத்தம் கேட்கும் ஒவ்வொரு ட்ரோனும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது என்று மக்கள் நினைக்கிறார்கள். மண்டபத்துக்கு வெளியே மாப்பிள்ளை அழைப்பை எடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தெருவிலிருந்து கல் எறிகிறார்கள். எங்களுக்கும் பிழைப்பு இருக்கிறது.

பவானிக்கரை (கோபி) எழுதியது:

ஈரோட்டுத் தம்பியின் கணக்கு சரியாகவே இருக்கட்டும். முகத்தின் பிக்சலை வைத்து ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அளக்க முடியாது என்பதுதான் என் பதில்.

எங்கள் ஊரில் ஒருவரை அடையாளம் கண்டுகொள்ள முகம் தேவையில்லை. இன்னார் தோட்டத்து வாசல், இன்ன நிறச் சேலை, நடக்கும்போது ஒரு கையை இடுப்பில் வைக்கும் வழக்கம் ஆகிய இவை போதும். சென்னையில் இருந்து பார்ப்பவருக்கு அது ஒரு புள்ளிதான், பக்கத்துத் தோட்டத்தில் இருந்து பார்ப்பவருக்கோ அது பெயரும் உறவும் உள்ள ஒரு பெண். படத்தால் வரும் துன்பமும் சென்னையிலிருந்து வருவதில்லை, தெரிந்தவர்களிடமிருந்துதான் வருகிறது.

கொடிவேரி அணைக்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுமுறை நாட்களில் அங்கே குடும்பம் குடும்பமாக வந்து அருவியாக விழும் தண்ணீரில் குளிக்கிறார்கள். நனைந்த உடையோடு நிற்கும் பெண்களுக்கு மேலே ட்ரோன் தாழ்வாக வந்து நிற்கிறது. சுற்றுலாக் காணொளி எடுக்கிறோம் என்கிறார்கள். கரையில் கைபேசியை நீட்டி ஒருவன் படம் எடுத்தால் நாலு பேர் சேர்ந்து அவனைக் கேட்டுவிடலாம், அவன் முகம் தெரியும். ட்ரோனை இயக்குகிறவர் எந்த மரத்தடியில் இருக்கிறார் என்றே தெரியாதபோது யாரைக் கேட்பது? அது பொது இடம்தானே என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அங்கே இருக்கும் நூறு பேர் என்னைப் பார்ப்பதற்கு நான் சம்மதித்துத்தான் தண்ணீரில் இறங்குகிறேன். என்றென்றைக்கும் அழியாமல் எத்தனையோ ஆயிரம் பேர் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை.

கோவை வழக்குரைஞர் எழுதியது:

சட்ட நிலையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதில் பாதுகாப்பு இருக்கும் இடமும் இல்லாத இடமும் பலர் நினைப்பதுபோல் இல்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அரசமைப்பின் 21ஆம் உறுப்பின் கீழ் வரும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ட்ரோன்களைப் பொறுத்தவரை, 2018 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதிமுறை, எவருடைய அந்தரங்கமும் பாதிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது இயக்குகிறவரின் பொறுப்பு என்று வெளிப்படையாகவே சொன்னது. 2021 மார்ச்சில் வந்த விதிகளிலும், தனிமனிதரின் அந்தரங்கத்தையும் அவருடைய சொத்தின் அந்தரங்கத்தையும் உறுதிசெய்த பிறகே படம் எடுக்கலாம் என்ற கருத்து இருந்தது. அந்த விதிகளை நீக்கிவிட்டு 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளில் அந்தப் பொறுப்பு இல்லை. படிவங்களையும் கட்டணங்களையும் குறைத்துத் தொழிலை எளிதாக்குவது அதன் நோக்கம், அதில் தவறில்லை. ஆனால் சுமையைக் குறைக்கும்போது இதையும் சுமையாகக் கருதி விட்டுவிட்டார்கள் என்பது என் குறை.

இப்போதைய விதிகள் ட்ரோன்களை எடையால் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, அதற்கு மேல் 25 கிலோ வரை சிறியது. எல்லாவற்றுக்கும் பதிவு எண் வேண்டும் என்றாலும், நானோ வகையை இயக்கவும், வணிக நோக்கமின்றி மைக்ரோ வகையை இயக்கவும் ட்ரோன் இயக்குவோருக்கான சான்றிதழ் தேவையில்லை. பச்சை மண்டலம் எனப்படும், கட்டுப்பாடு இல்லாத வான்பகுதியில் 400 அடி வரை முன் அனுமதியின்றிப் பறக்கவிடலாம். பீளமேடு விமான நிலையத்தையும் சூலூர் விமானப்படைத் தளத்தையும் ஒட்டிய பகுதிகளில் கட்டுப்பாடு உண்டு, ஆனால் அது விமானங்களின் பாதுகாப்புக்காக இருப்பது. எடை என்பது ட்ரோன் தலையில் விழுந்தால் வரும் ஆபத்தை அளக்கும், அது பார்ப்பதால் வரும் ஆபத்தை அளக்காது. சந்தையில் 249 கிராம் எடையில் கிடைக்கும் ட்ரோன்களில் நல்ல தரமான கேமரா இருக்கிறது.

இனிக் குற்றவியல் சட்டம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, தன்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு பெண் இயல்பாக எதிர்பார்க்கும் சூழலில் அவருடைய அந்தரங்கச் செயலைப் பார்ப்பதையும் படமெடுப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவும் உடலின் அந்தரங்கப் பகுதிகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதற்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது, இதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. ஆகவே கூரையில்லாத குளியலறையில் குளிக்கும் ஒருவரைப் படமெடுத்தால் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் களத்தில் மிளகாய் காயப்போடும் தாயாரை எடுத்தது இந்த இரண்டு பிரிவுகளிலும் வராது. கொடிவேரியும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் விழுகிறது.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. மனை விற்கும் நிறுவனம் அந்த விலக்கைக் கேட்க முடியாது. இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகியிருந்தாலும், நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரை காங்கேயத்து நண்பர் அந்நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கோரிக்கை அனுப்பி, காணொளித் தளத்தின் அந்தரங்கப் புகார்ப் பகுதியிலும் பதிவு செய்வது நல்லது.

நொய்யல்மணல் (திருப்பூர்) எழுதியது:

இவ்வளவு சட்டம் பேசுவதைவிடக் கவட்டையை எடுத்து ஒரு கல் விட்டால் வேலை முடிந்துவிடும் என்பது எங்கள் ஊர் இளைஞர்களின் கருத்து. எனக்கும் அதில் பாதி உடன்பாடு உண்டு.

கோவை வழக்குரைஞர் எழுதியது:

தம்பி, வேண்டாம். 2015இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் தன் வீட்டுக்கு மேலே வந்த ட்ரோனைச் சுட்டு வீழ்த்தியவர் மீதான வழக்கை அங்கே நீதிபதி தள்ளுபடி செய்தார் என்பது உண்மைதான். அதை நம்பி இங்கே கல்லெடுக்க முடியாது. பிறர் பொருளுக்குச் சேதம் விளைவித்த குற்றம் உங்கள் மேல் திரும்பும். வெட்டும் விசிறிகளோடு அது யார் தலையில் விழும் என்பதும் உங்கள் கையில் இல்லை. நேரம், இடம், பறந்த திசை, முடிந்தால் கைபேசியில் எடுத்த படம் ஆகியவற்றோடு காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதே வழி.

ஆனைமலை அடிவாரம் (பொள்ளாச்சி) எழுதியது:

எங்கள் பக்கத்து நிலையையும் கேளுங்கள். மருந்தடிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில் ட்ரோன் எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. பத்து லிட்டர் தொட்டி உள்ள ஒரு ட்ரோன் ஓர் ஏக்கர் பயிரைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும், விசைத்தெளிப்பானைத் தோளில் சுமந்து மருந்தை மூச்சில் இழுப்பவரின் உடம்பும் தப்பிக்கும். 2023 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த திட்டத்தின்படி 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு, விலையில் 80 விழுக்காடு வரை, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியத்தோடு ட்ரோன் தருவது என்று முடிவாயிற்று. எனவே ட்ரோனே வேண்டாம் என்ற இடத்துக்கு இந்தப் பேச்சு போய்விடக் கூடாது.

இதில் யாரும் குறிப்பிடாத ஒன்று இருக்கிறது. பூச்சிமருந்து தெளிக்கும் ட்ரோனுக்கு மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்ட நடைமுறையின்படி, தெளிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக ஊராட்சி, வேளாண் அலுவலர் போன்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். பயிருக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே, பறக்கும் வழியைப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு சிறிய கேமராவோடு போகும் எங்கள் ட்ரோனுக்கு இந்தக் கட்டுப்பாடு உண்டு. ஊரையே படமெடுக்கும் ட்ரோனுக்கு எதுவும் இல்லை. மருந்து காற்றில் பரவும் என்பதால் முன்னறிவிப்பு கேட்கிறார்கள் என்றால், படம் பரவாதா?

கிளுவைவேலி எழுதியது:

நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான். எனக்குத் தடை வேண்டாம், தெரிவிப்பு வேண்டும். நாளை காலை பத்து மணிக்கு இன்னார், இன்ன வேலைக்காக, இந்த இடத்தில் பறக்கவிடப் போகிறார் என்று ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வரி இருந்தால், அம்மா அந்த நேரத்தில் வாசலில் இருக்கலாமா வேண்டாமா என்பதை அம்மாவே முடிவு செய்துகொள்வார். அந்த முடிவு அவர் கையில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் வேறு எதையும் கேட்கவில்லை.

இங்கே ட்ரோன் சத்தம் கேட்டதும் பெரியவர்கள் முதலில் கேட்பது, எதற்கு அளக்கிறார்கள் என்பதுதான். ஏழு கொங்கு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியாக எரிவாயுக் குழாய் பதிக்க முனைந்தபோது 2013இல் நடந்த போராட்டத்தையும், 2016இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தத் திட்டத்துக்குச் சாதகமாக வந்ததையும், பிறகு வந்த உயர் மின்கோபுரங்களையும் பார்த்தவர்கள் அவர்கள். தம்மிடம் கேட்காமல் தம் பூமியை ஒருவர் பார்க்கிறார் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ வரும் என்பது அவர்களுடைய அனுபவம். அந்தச் சந்தேகத்தையும் ஒரு வரித் தகவல் தீர்த்துவிடும்.

நொய்யல்மணல் எழுதியது:

தனியாரை மட்டும் பேசினால் போதாது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, திருப்பூர் மாவட்டக் காவல்துறை ட்ரோன் காட்சிகளை வெளியிட்டது. மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ட்ரோனைக் கண்டதும் பலகையோடு ஓடுவதை, திரைப்பட நகைச்சுவை வசனங்கள் சேர்த்து நாடே பார்த்துச் சிரித்தது. ஊரடங்கை மீறியது தவறு, அதற்குச் சட்டம் வகுத்த தண்டனை இருந்தது. நாடு முழுவதும் சிரிப்புக்கு ஆளாக்குவது எந்தச் சட்டத்தில் உள்ள தண்டனை? வேலையின்றி அடைந்துகிடந்த மனிதர்களின் படம் அது. இன்றும் தேடினால் கிடைக்கிறது.

தடாகம் எழுதியது:

யானை வரும் ஊரிலிருந்து எழுதுகிறேன். இரவில் தோட்டத்துக்குள் புகுந்த யானையை வனத்துறை வெப்ப உணர்வுக் கேமரா பொருத்திய ட்ரோனால் தேடும்போது அந்தச் சத்தம் எங்களுக்கு ஆறுதலாக இருக்கிறது. அந்தக் கேமரா சுவரையோ கூரையையோ ஊடுருவிப் பார்ப்பதில்லை, வெளியில் நிற்கும் உடம்பின் சூட்டை மட்டுமே காட்டுகிறது. அந்த நேரத்தில் முன்னறிவிப்பு கேட்பது பொருத்தமற்றது. அவசரப் பணிக்கு விலக்கு வேண்டும். அந்தக் காட்சிகளைப் பொழுதுபோக்காக வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வேண்டும்.

கோவை வழக்குரைஞர் எழுதியது:

திருப்பூர்க் காட்சிகள் வெளியான அதே ஊரடங்குக் காலத்தில், பாரிஸ் நகரக் காவல்துறையும் ட்ரோனால் மக்களைக் கண்காணித்தது. 2020 மே 18 அன்று பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை உடனே நிறுத்த உத்தரவிட்டது. 80 முதல் 100 மீட்டர் உயரத்தில், பெரிதாக்கிப் பார்க்காமல், யாரையும் அடையாளம் காணாத வகையில்தான் பறக்கவிடுகிறோம் என்பது காவல்துறையின் வாதம். இந்தக் கருவி நினைத்தால் தாழப் பறக்கும், நினைத்தால் பெரிதாக்கிப் பார்க்கும், அதைத் தடுக்கும் தொழில்நுட்ப ஏற்பாடு எதுவும் அதில் இல்லை என்பது நீதிமன்றத்தின் பதில். ஈரோட்டு நண்பரின் பிக்சல் கணக்குக்கும் இதுவே பதிலாகும் என்று கருதுகிறேன், கீழே இருப்பவருக்கு உயரம் தெரியாது, லென்ஸ் தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 கிராமுக்குக் குறைவான ட்ரோனாக இருந்தாலும், பொம்மை வகையைத் தவிர, கேமரா இருந்தால் இயக்குகிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். எடையோடு கேமராவையும் கணக்கில் எடுக்கும் அந்த அணுகுமுறை நமக்கும் பொருந்தும்.

வான்படம் எழுதியது:

முன்னறிவிப்பு என்ற யோசனையை நான் எதிர்க்கவில்லை. முகூர்த்த நாட்கள் மாதங்களுக்கு முன்பே குறிக்கப்பட்டுவிடுகின்றன, ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ முந்தைய நாள் ஒரு தகவல் அனுப்புவது கடினமான வேலை அல்ல. சொல்லப்போனால் அந்தத் தகவல் எங்கள் கையில் இருந்தால் கல்லெறிகிறவர்களிடம் காட்டவும் உதவும். ஆனால் அது அனுமதி கேட்பதாக மாறிவிடக் கூடாது. அனுமதி என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு மேசையும், அந்த மேசைக்கு ஒரு செலவும் வந்து சேரும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பவானி அக்கா சொன்ன அடையாளம் பற்றிய கருத்தை ஏற்கிறேன். அகலப் பார்வையில் தற்செயலாக விழும் பக்கத்து வீடுகளைப் படத்தொகுப்பில் மங்கலாக்கித் தர முடியும், சில நிமிட வேலைதான். எங்கள் வட்டாரத்துப் படப்பதிவாளர்களிடம் இதைப் பேசுகிறேன். குளிக்கும் துறைகளுக்கு மேலே பறக்கவிடுகிறவர்களை நாங்களும் ஆதரிக்கவில்லை.

பவானிக்கரை எழுதியது:

நன்றி தம்பி. முன்னறிவிப்பு தோட்டத்து வீட்டுக்குப் பொருந்தும், கொடிவேரிக்குப் பொருந்தாது. வெளியூரிலிருந்து வந்து தண்ணீரில் இறங்கியவருக்கு ஊராட்சிப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? அங்கே தடைதான் வேண்டும். ஆடிப்பெருக்கும் வருகிறது. கொடிவேரியிலும் பவானி கூடுதுறையிலும் எத்தனை பெண்கள் நீராடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோவை வழக்குரைஞர் எழுதியது:

அதற்கு வழி உண்டு. 2021 விதிகளின் கீழ், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக (அனுமதியின்றி ட்ரோன் பறக்கக் கூடாத பகுதியாக) ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை அறிவிக்கலாம். பெரிய தலைவர்கள் வரும்போது பயன்படும் அந்த அதிகாரத்தைப் பெண்கள் நீராடும் துறைக்கும் பயன்படுத்தக் கோரலாம். ஆடி 18க்கு முந்தைய நாளும் அன்றும் அடுத்த நாளும் இந்த வரம்புக்குள் அடங்கும். இடத்தின் எல்லையைச் சிறியதாகவும் தெளிவாகவும் குறித்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனுவும், அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் கொடுங்கள். மனு வரைவை நான் எழுதித் தருகிறேன்.

முன்னறிவிப்பைப் பொறுத்தவரை, வான்வெளியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. ஆனால் ஆகஸ்ட் 15 கிராம சபையில், கேமரா ட்ரோன் இயக்குகிறவர்கள் 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தருமாறு கேட்டுக்கொள்வது என்றும், விதிகளில் அந்தரங்கப் பொறுப்பை மீண்டும் சேர்க்குமாறு அரசைக் கோருவது என்றும் தீர்மானம் போடலாம்.

கிளுவைவேலி எழுதியது:

தீர்மான வரைவை இன்று இரவே எழுதுகிறேன். தேதி, நேரம், இடம், இயக்குகிறவர் பெயர், ட்ரோனின் பதிவு எண், நோக்கம், தொடர்பு எண் என ஏழு விவரங்கள் கேட்கப் போகிறேன். யானை, தீ, வெள்ளம், ஆள் தேடுதல் ஆகிய அவசரப் பணிகளுக்கு விலக்கு. மருந்து தெளிப்புக்கு ஏற்கெனவே உள்ள நடைமுறையே போதும். எங்கள் ஊராட்சிச் செயலரிடம் பேசிவிட்டேன், பதிவேடு ஒன்றை ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். பல்லடம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்து நண்பர்கள் தங்கள் ஊராட்சியிலும் இதையே முன்வைக்க முடியுமானால் இங்கே எழுதுங்கள்.